குறைந்த செலவில் ஜாம்பி வேஷம்: கேமரா எவ்வளவு கிட்டே வருகிறது என்பதைப் பார்த்துத் தேர்வுசெய்யுங்கள்

மேக்கப் சாமான் எதையும் வாங்குவதற்கு முன் ஷாட் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு பென்சிலால் குறியுங்கள். எந்த ஷாட்டில் ஜாம்பியின் முகம் திரையை நிறைக்கிறது, எதில் இடுப்புக்கு மேல் தெரிகிறது, எதில் கும்பலில் ஒரு ஆளாகத் தள்ளாடிப் போகிறது? பெரும்பாலான மாணவர் குறும்படங்களில் முதல் வகை ஷாட்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ஆனால் இந்தக் கணக்கைப் போடாமல் வேலையில் இறங்கினால் காசும் நேரமும் எல்லா முகங்களுக்கும் சமமாகப் பிரிந்துவிடும். க்ளோஸப்பில் வருகிற முகமும் சுமார், பின்னால் நிற்கிற முகமும் சுமார் என்று ஆகிவிடும். வருஷக்கணக்கில் ஜாம்பித் தொடர் எடுத்த பெரிய தொலைக்காட்சிக் குழுக்களே கும்பலைத் தரம்பிரித்துத்தான் வேலை செய்திருக்கின்றன: கேமராவுக்கு முன்னால் வரும் சிலருக்கு முழு ஒப்பனை, நடுவில் நிற்பவர்களுக்குப் பாதி, தூரத்தில் இருப்பவர்களுக்கு முகமூடி. கையில் காசில்லாத குழு அதைவிடக் கறாராக இருக்க வேண்டும்.

அதனால் கீழே வரும் ஒவ்வொரு பொருளையும் ‘பார்க்க நன்றாக இருக்கிறதா’ என்று மட்டும் நான் எடைபோடவில்லை. அது எத்தனை மணி நேரம் முகத்தில் நிற்கும், நடிகர் வியர்த்தால் என்ன ஆகும், கழற்றும்போது தோல் என்ன பாடுபடும் என்பவைதான் படப்பிடிப்பு நாளை நடத்தவோ கெடுக்கவோ செய்கின்றன.

வெறும் வண்ணம் எவ்வளவு தூரம் போகும்

வண்ணம் மட்டும் பூசுவதை இல்லாதவர்கள் வழி என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இடுப்புக்கு மேல் தெரியும் ஷாட் வரைக்கும் அது தாராளமாகப் போதும். ஆனால் முகத்தின் எலும்பைப் பார்த்துப் பூச வேண்டும். கண்குழி, கன்ன எலும்புக்குக் கீழே இருக்கும் பள்ளம், நெற்றிப்பொட்டு, மூக்கின் இரு பக்கம், காறை எலும்புக்கு மேலே இருக்கும் குழி ஆகிய இடங்களில் இருட்டு. எலும்பு துருத்தும் மேடுகளில் கொஞ்சம் வெளிறல். இவ்வளவு செய்தாலே ஆள் பாதி உடம்பு வற்றிப்போனவர்போலத் தெரிவார். விரலால் பூசாமல், பழைய ஸ்பாஞ்சைப் பிய்த்துக் கரடுமுரடாக்கி அதனால் ஒற்றினால் தோல் திட்டுத்திட்டாகக் கெட்டுப்போன மாதிரி அமையும். ஒரே சீராகப் பூசப்பட்ட முகம் எவ்வளவு பயங்கர நிறமாக இருந்தாலும் பெயின்ட் அடித்த முகமாகத்தான் தெரியும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் செய்முறை வீடியோக்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான். அங்கே வெள்ளையும் சாம்பலும் எடுபடுகின்றன. மாநிறத்திலும் கறுப்பிலும் அதே சாம்பலைப் பூசினால் பிணம் தெரியாது, முகத்தில் மாவு பூசிக்கொண்ட ஆள்தான் தெரிவார். உயிருள்ள மாநிறத் தோலில் அடியில் ஓடும் ரத்தம் ஒரு வெதுவெதுப்பைக் கொடுக்கிறது. அதை அடக்க வேண்டும் என்றால் ஆலிவ் பச்சையும் மங்கிய மஞ்சளும் சிறிதளவு எடுத்து, நடிகரின் சொந்த நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபவுண்டேஷனில் கலந்து மெல்லிசாகப் பூச வேண்டும். பள்ளங்களுக்குக் கறுப்பு வேண்டாம். கத்தரிப்பூ நிறம், அரக்கு, கருங்காப்பி நிறம் போதும். உதட்டின் சிவப்பை மூடினாலே பாதி உயிர் போய்விடும். அப்புறம் காது, பிடரி, கைகள். முகம் செத்து, காது உயிரோடு இருக்கும் ஜாம்பிகளை மாணவர் படங்களில் நிறையவே பார்க்கலாம்.

சாம்பல் ஏமாற்றும் என்பதற்குப் பெரிய உதாரணமே இருக்கிறது. ஜார்ஜ் ரொமேரோ 1978இல் எடுத்த ‘டான் ஆஃப் தி டெட்’ படத்தில் ஒப்பனைக் கலைஞர் டாம் சவினி ஜாம்பிகளுக்குச் சாம்பல் நிறம் பூசினார். திரையில் அது பல இடங்களில் நீலமாகத் தெரிந்தது. ஆகவே எந்த நிறமானாலும் படப்பிடிப்பில் வைக்கப்போகும் அதே விளக்கில், அதே கேமராவில் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். குளியலறைக் கண்ணாடியில் பார்த்தது கணக்கில் வராது.

பிணம் எத்தனை நாள் ஆனது என்று முடிவுசெய்துகொண்டால் நிறங்கள் தாமாக அமையும். இறந்த சில மணி நேரத்தில் ரத்தம் உடம்பின் கீழ்ப்பக்கமாக இறங்கி, அங்கே தோல் ஊதாச் சிவப்பாக மாறும். மல்லாந்து கிடந்தவருக்கு அது முதுகிலும் பிடரியிலும் தெரியும். ஓரிரு நாளில் வயிற்றின் வலது கீழ்ப்பகுதியில் பச்சை படரத் தொடங்கும். பிறகு தோலுக்கடியில் ரத்தக்குழாய்கள் பச்சையும் காப்பி நிறமும் கலந்து கிளைகிளையாகத் தெரியும். இதில் ஒரு சிக்கன வழியும் ஒளிந்திருக்கிறது. கதையில் வரும் ஜாம்பிகள் நேற்றுச் செத்தவர்கள் என்றால் வெளிறிய நிறம், ஒரு காயம், ரத்தம் இவ்வளவோடு வேலை முடிந்தது. மூன்று மாதம் அழுகியவர்கள் என்றால் ஒவ்வொரு முகத்துக்கும் தோல் உரிய வேண்டும், பல் தெரிய வேண்டும். திரைக்கதையில் ‘சில மாதங்களுக்குப் பிறகு’ என்று ஒரு வரி இருந்தால், மேக்கப் பட்ஜெட்டுக்காகவே அதை அடித்துவிட்டு ‘மறுநாள்’ என்று எழுதலாம். பார்வையாளருக்கு அதனால் எந்த நஷ்டமும் இல்லை.

எந்த வகை வண்ணம் என்றால், முகத்துக்குக் கிரீம் வண்ணம் என் தேர்வு. எளிதில் ஒன்றோடொன்று கலக்கும். மேலே பவுடர் தட்டாவிட்டால் மட்டும் வழிந்து சட்டைக் காலரில் ஒட்டும். தண்ணீர் தொட்டுப் பூசும் கேக் வண்ணம் மலிவு, சட்டென்று காயும், ஆனால் வியர்வையில் கோடுகோடாக இறங்கும். ஜாம்பிக்கு அழுக்கு முகம்தானே என்று தோன்றலாம். காலையில் எடுத்த ஷாட்டையும் மத்தியானம் எடுத்த ஷாட்டையும் அடுத்தடுத்து ஒட்டும்போது எடிட்டருக்கு அப்படித் தோன்றாது. ஆல்கஹால் தொட்டுப் பூசும் வகை வியர்வைக்கு அசையாது. ஆனால் விலை கூடுதல், கண்ணுக்குப் பக்கத்தில் ஆகாது, கழற்றத் தனித் திரவமும் வேண்டும். க்ளோஸப் ஜாம்பியின் கழுத்துக்கும் கைக்கும் மட்டும் வேண்டுமானால் யோசிக்கலாம். பழைய ஐ ஷேடோ டப்பாக்களை நண்பர்களிடம் கேட்டு வாங்குங்கள். ஊதா, காப்பி, பச்சை நிறங்கள் யாரும் தொடாமலே கிடக்கும். ஒரு நடிகரின் கண்ணைத் தொட்ட பிரஷையோ கண்மையையோ அடுத்தவருக்குக் கொண்டுபோகாதீர்கள். கண்நோய் ஒட்டிக்கொண்டால் மொத்தக் கும்பலும் படுத்துவிடும். அக்ரிலிக்கும் போஸ்டர் கலரும் துணிக்குச் சரி, முகத்துக்கு வேண்டாம். நச்சில்லாதது என்று டப்பாவில் போட்டிருப்பதைத் தோலில் பூசலாம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது.

லேடெக்ஸா, ஜெலட்டினா

க்ளோஸப்புக்குத் தோல் உரிய வேண்டும், கன்னம் பிய்ந்து தொங்க வேண்டும் என்றால் வண்ணம் மட்டும் போதாது. உண்மையான போட்டி திரவ லேடெக்ஸுக்கும் ஜெலட்டினுக்கும்தான்.

லேடெக்ஸ் என்பது தண்ணீரில் மிதக்கும் இயற்கை ரப்பர். கெடாமல் இருக்க அமோனியா சேர்ந்திருக்கும். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி அதுதான், அதனால் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். பூசும்போது வெள்ளையாக இருந்து, காயக் காய நிறமற்றுப் போகும். ஒரு அடுக்கு லேடெக்ஸ், அதன்மேல் ஒரு அடுக்காகப் பிரித்த டிஷ்யூ பேப்பர், மறுபடி லேடெக்ஸ் என்று மூன்று நான்கு முறை ஏற்ற வேண்டும். டிஷ்யூவைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரம் தோலோடு இழைந்துவிடும். காய்ந்த பிறகு நடுவில் கிள்ளிக் கிழித்து, உள்ளே அரக்கும் கறுப்பும் தடவினால் பிய்ந்த சதை தயார். ஓரங்களை மறுபடி சுருட்டிவிட்டால் உரியும் தோல். டிஷ்யூவுக்குப் பதில் பஞ்சை இழைஇழையாகப் பிரித்து வைத்தால் நாள்பட்ட அழுகல் கிடைக்கும். செலவைப் பார்த்தால் ஒரு சிறிய பாட்டிலே பல முகங்களுக்கு வரும், இதில் லேடெக்ஸை அடிக்க ஆளில்லை.

குறைகளும் சின்னவை அல்ல. சிலருக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை உண்டு, அது கடுமையாகவும் இருக்கலாம். பலூன் ஊதினால் உதடு தடிக்கும், ரப்பர் கையுறை போட்டால் அரிக்கும் என்று சொல்லும் நடிகருக்கு லேடெக்ஸ் பக்கமே போகக் கூடாது. மற்றவர்களுக்கும் முந்தின நாளே முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்துவிடுங்கள். அடுத்தது முடி. புருவத்திலோ தாடியிலோ லேடெக்ஸ் பட்டால் கழற்றும்போது முடியையும் கொண்டுபோகும். வாசலினோ சோப்போ தடவிப் புருவத்தைப் படியவைத்துவிட்டு, அந்த இடத்தை விட்டு விலகியே பூசுங்கள். இமையில் வேண்டவே வேண்டாம். துணியில் பட்டால் போகாது. உள்ளே காற்றுப் புகாததால் வியர்வை அடியில் தேங்கி, வாயோரம் மாதிரி அசையும் இடங்களில் முதலில் கிளம்பும். நேரமும் பிடிக்கும்: ஒவ்வொரு அடுக்கும் காய வேண்டும், ஹேர் ட்ரையரைக் குளிர்காற்றில்தான் வைக்க வேண்டும்.

ஜெலட்டின் வேறு குணம். சுவையில்லாத ஜெலட்டின் தூள், கிளிசரின், தண்ணீர் மூன்றையும் ஏறக்குறைய சம அளவில் கலந்து ஊறவைத்து, சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மெதுவாக உருக்க வேண்டும். கிளிசரின் இல்லாவிட்டால் காய்ந்து சுருங்கிப் பெயர்ந்துவிடும். சில நிமிடங்களில் இறுகும். ஒளி ஊடுருவும் தன்மை இருப்பதால் லேடெக்ஸைவிட உண்மையான சதைபோலத் தெரியும். இறுகும் தறுவாயில் குச்சியால் தொட்டுத் தொட்டு இழுத்தால் நூல்நூலாக வரும். தீக்காயத்துக்கும் உருகிய கன்னத்துக்கும் இதை மிஞ்ச மலிவான பொருள் கிடையாது. கழற்றுவதும் சுகம்: வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

ஆனால் உருக்கியது சூட்டோடு முகத்தில் பட்டால் நிஜமாகவே வெந்துவிடும். பூசுகிறவர் முதலில் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, இதமாக இருந்தால் மட்டுமே நடிகரின் முகத்துக்குப் போக வேண்டும். இரண்டாவது, சூட்டில் உருவானது சூட்டிலேயே போகும். வெயிலில் ஓடும் காட்சி, நெருக்கமான அறையில் கொதிக்கும் விளக்கு, வியர்த்துக்கொட்டும் நடிகர், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஜெலட்டின் வழுக்கிக்கொண்டு இறங்கும். மூன்றாவது, ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து வருவது. நடிகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. மிச்சத்தை உருக்கி மறுபடி பயன்படுத்தலாம் என்று சொல்வார்கள். பாத்திரத்தில் மிஞ்சியதைச் செய்யலாம், ஒருவர் முகத்திலிருந்து எடுத்ததை இன்னொருவருக்கு வைக்காதீர்கள்.

ஆக, பகல் முழுக்க, வெளிப்புறத்தில், நிறைய அசைவோடு படப்பிடிப்பு என்றால் லேடெக்ஸ். இரவில் அல்லது குளிரூட்டப்பட்ட அறையில், ஒரு மணி நேரத்துக்குள் எடுத்து முடித்துவிடும் க்ளோஸப் என்றால் ஜெலட்டின். லேடெக்ஸ் ஒவ்வாமை இருக்கும் நடிகர் என்றால் விவாதமே இல்லை. இரண்டையும் வாங்க முடியாது, ஒன்றுதான் முடியும் என்கிற குழுவுக்கு லேடெக்ஸையே சொல்வேன். எந்த நேரத்தில் எது நடக்கும் என்று தெரியாத மாணவர் படப்பிடிப்பில் தாக்குப்பிடிப்பதுதான் பெரிய குணம்.

மெழுகு, மாவு, பசை, முகமூடி

காயம் செய்யும் மெழுகு ஒரு கடித்தடத்துக்கும் நெற்றி வெட்டுக்கும் அருமையானது. விரலால் குழைத்து வைத்து, ஓரத்தைத் தேய்த்து மறையச்செய்து, நடுவில் மழுங்கிய குச்சியால் கீறினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். நெற்றி, கன்ன எலும்பு, முன்கை போன்ற அசையாத இடங்களில் மட்டும் வையுங்கள். வாயருகே வைத்தால் முதல் உறுமலில் பெயர்ந்து விழும். அதைக்கூட வாங்க முடியாவிட்டால் வாசலினில் மாவு சேர்த்துப் பிசைந்து, நிறத்துக்குக் கோக்கோ தூள் தூவிக்கொள்ளலாம். எண்ணெய்ப் பசையால் மேலே வண்ணம் நிற்காது, ஒரு ஷாட்டுக்குத்தான் வரும். அந்த ஒரு ஷாட்தான் தேவை என்றால் அதுவே போதும்.

பள்ளிக்கூட வெள்ளைப் பசையை லேடெக்ஸுக்குப் பதிலாகச் சிலர் சொல்கிறார்கள். காய்ந்தால் உரியும் தோல் மாதிரித்தான் இருக்கும், ஆனால் வியர்வையில் கரையும், முகத்தை இழுத்துப் பிடிக்கும். புறங்கையில் உரியும் தோல் காட்டுவதற்கு மேல் அதை நம்பவேண்டாம். சுருங்கிய தழும்பு உண்டாக்கும் கொலோடியன் நிஜமாகவே தோலை இழுத்துச் சுருக்குவது. பழக்கமில்லாத கையில், அதுவும் கண்ணுக்கருகில், வேண்டாம்.

கடையில் விற்கும் ரப்பர் முகமூடியின் கண்ணும் வாயும் அசையாது. தூரத்தில், முதுகைக் காட்டி, தொப்பியோ முக்காடோ போட்டு நிற்கிறவருக்கு ஓடும். முகத்தை அச்செடுத்து, அதன்மேல் ஒட்டும் செயற்கை உறுப்பைச் சொந்தமாக வார்ப்பது வேறு கலை. மூச்சுவிடும் வழியை மூடிவிடும் அபாயம் உள்ள வேலை என்பதால், கற்றவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இறங்காதீர்கள்.

ரத்தம்

இங்கே தேர்வு எளிது, ஏனென்றால் இரண்டு வகையும் வேண்டும். வாய்க்குள் போவது ஒன்று, துணியில் இருப்பது ஒன்று.

வாய்க்குக் கார்ன் சிரப் அல்லது கெட்டியான சர்க்கரைப் பாகு, சிவப்பு ஃபுட் கலர், ஒரு சிட்டிகை கோக்கோ தூள். கோக்கோவை விட்டுவிடாதீர்கள். சிவப்பு மட்டும் போட்டால் பாகு கண்ணாடிபோல இருந்து, மாநிறத் தோலில் தெரியவே தெரியாது. கோக்கோதான் அதற்கு அடர்த்தியும் கருமையும் தருகிறது. ஒரு துளி நீலமோ பச்சையோ சேர்த்தால் இளஞ்சிவப்புச் சாயல் போய்விடும். குறைகள்: ஃபுட் கலரின் கறை தோலில் ஓரிரு நாள் நிற்கும், எறும்பும் ஈயும் வரும், நடிகரின் விரல்கள் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். துணியில் தெளிக்கும் பாகில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் சுலபமாகத் துவைக்க வரும். அந்தப் பாட்டிலில் ‘வாய்க்கு அல்ல’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

துணியில் ஏற்கெனவே காய்ந்து கிடக்கும் ரத்தத்துக்குப் பாகு வேண்டாம். சிவப்பும் காப்பி நிறமும் கலந்த அக்ரிலிக்கைத் துணியில் பூசிக் காயவிடுங்கள். மாறாது, ஒட்டாது, மூன்று வாரம் கழித்து மிச்சக் காட்சி எடுத்தாலும் கறை அதே இடத்தில் இருக்கும். கண்டின்யூட்டி பார்க்கிறவர் உங்களை வாழ்த்துவார். காட்சியில் புதிதாகப் பாய வேண்டிய ரத்தம் மட்டும் அதன்மேல் பாகாக விழட்டும்.

துணி: செலவு செய்யாமல் அதிகம் கிடைக்கும் இடம்

ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: நடுத்தூர ஷாட்டிலும் தூர ஷாட்டிலும் ஜாம்பியைக் காட்டுவது முகத்தைவிடத் துணிதான். இதில் ரெடிமேட் ஜாம்பி உடையும் பழைய துணியும் போட்டி என்றால், ரெடிமேட் உடைக்கு நான் ஒரு ஓட்டுக்கூடப் போட மாட்டேன். அச்சடித்த ரத்தம், பளபளக்கும் பாலியஸ்டர், அளவாக வெட்டிய கிழிசல் எல்லாம் கேமராவில் உடனே காட்டிக்கொடுக்கும். பழைய துணிக் கடையும் வீட்டு அலமாரியும்தான் உங்கள் காஸ்ட்யூம் கிடங்கு.

வாங்குவதற்கு முன், செத்தவர் யாராக இருந்தார் என்று ஒவ்வொரு ஜாம்பிக்கும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவமனை ஊழியர், சாமான் கொண்டுவந்து கொடுக்கிறவர், கல்யாண உடையில் இருந்தவர், இரவு உடையில் கதவைத் திறந்தவர். கிழிந்த டி-ஷர்ட் போட்ட பத்துப் பேரைவிட இவர்கள் நான்கு பேர் பயத்தையும் கொடுப்பார்கள், கதையையும் சொல்வார்கள். துணி பருத்தியாக இருக்கட்டும். பருத்தி சாயத்தையும் அழுக்கையும் குடிக்கும், தேய்த்தால் நையும். பாலியஸ்டரில் தேநீர்ச் சாயம் ஏறாது, கிழிந்த ஓரமும் புதுத்துணி மாதிரியே நிற்கும்.

கத்தரியைத் தூர வையுங்கள். முதலில் தேய்மானம், பிறகுதான் கிழிசல். முழங்கால், முழங்கை, பைகளின் விளிம்பு, காலர் மடிப்பு, கால்சட்டையின் அடியோரம் என்று உடம்பு உரசும் இடங்களை உப்புத்தாளாலோ கம்பி பிரஷாலோ காய் துருவியாலோ நன்றாகத் தேய்த்து நூல் தெரியும்படி நைந்துபோக வைத்து, அதன்பின் கையால் இழுத்துக் கிழியுங்கள். நூல்கள் தொங்கும் அந்த ஓரத்தைக் கத்தரியால் ஒருபோதும் கொண்டுவர முடியாது. பிறகு கொதித்த தேயிலை அல்லது காப்பித் தண்ணீரில் முக்கி, முறுக்கி, முடிச்சுப் போட்டு, அப்படியே காயவிடுங்கள். வெள்ளைச் சட்டையின் பளிச்சும் கஞ்சி மடிப்பும் ஒரே நேரத்தில் போய்விடும். காய்ந்ததும் தண்ணீராய்க் கரைத்த காப்பி நிற அக்ரிலிக்கை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி அக்குள், முதுகு, கால் பக்கமாகக் கூடுதலாகத் தெளியுங்கள். மேலே புழுதிக்கு முல்தானி மிட்டி. படப்பிடிப்புகளில் காலங்காலமாகத் தூசுக்குப் போடுவது இந்த வகை மண்தான். தூவும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், நடிகரின் முகத்துக்கு நேராக வீசாதீர்கள்.

ரத்தக்கறைக்குக் காரணம் இருக்க வேண்டும். கடித்துத் தின்றவருக்கு வாயிலிருந்து நெஞ்சு வரை ஒழுகியிருக்கும், கை துடைத்த தொடையில் இழுபட்டிருக்கும். கழுத்தில் கடிபட்டவருக்கு ஒரு தோள் மட்டும் நனைந்திருக்கும். உடம்பு முழுக்க ஒரே அளவில் தெளித்த ரத்தம் ஹோலிப் பண்டிகையிலிருந்து திரும்பியவரைத்தான் ஞாபகப்படுத்தும்.

காட்சிக்குள்ளேயே அடிபடும், சுடப்படும் பாத்திரத்துக்கு ஒரே சட்டை இரண்டு வேண்டும், ஏனென்றால் முதல் டேக் யாருக்கும் சரியாக அமைவதில்லை. அதனால் அவருக்கு எங்கும் கிடைக்கிற சாதாரண ஒற்றை நிறச் சட்டையைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தவரை பொத்தான் வைத்த சட்டையாகவே எடுங்கள். மேக்கப் போட்ட பிறகு தலைவழியே டி-ஷர்ட்டை மாட்டினால் இரண்டும் பாழாகும். ஒற்றைச் செருப்போடு தள்ளாடும் ஜாம்பி பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பாழடைந்த கட்டடத்தில் கண்ணாடித் துண்டு இருக்கும். தோல் நிறக் காலுறைக்குள் கெட்டியான அட்டையோ பழைய செருப்பின் அடிப்பாகமோ வைத்துக் கொடுங்கள்.

கண், பல், முடி

வெள்ளைக் கண் லென்ஸைப் பற்றி என் கருத்து கறாரானது: வேண்டாம். பவர் இல்லாத லென்ஸும் கண்ணுக்கு அளவு பார்த்து மருத்துவர் சொல்லித்தான் போட வேண்டும். மலிவு லென்ஸால் கருவிழியில் புண் வந்து பார்வையே பாதிக்கப்படலாம். ஒரு குறும்படத்துக்காக யாருடைய கண்ணையும் பணயம் வைக்க முடியாது. ஜாம்பியின் கண் தெரிந்தே ஆக வேண்டிய ஷாட் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். முகம் அதிகம் அசையாத ஷாட்டாக எடுத்து, எடிட்டிங்கில் கருவிழியை மட்டும் வெளிறச் செய்யுங்கள். டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே அதைப் பின்தொடர்ந்து செய்யும் வசதி இருக்கிறது. மற்ற ஷாட்டுகளுக்குக் கண்ணைச் சுற்றிய அரக்கு நிறமும் எங்கும் நிலைக்காத பார்வையும் போதும்.

பல்லுக்குக் கறுப்பு, காப்பி நிற ஃபுட் கலரைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து கொப்பளிக்கச் சொன்னால் ஈறு வரை அழுகின மாதிரி தெரியும். ஷாட்டுக்குச் சற்று முன் செய்தால் நல்லது. முடிக்குக் கண்டிஷனர் தடவி, விரலால் கலைத்து, மேலே மண் தூவுங்கள். துவைத்துச் சீவிய தலையோடு வரும் ஜாம்பிக்கு எந்த மேக்கப்பும் உதவாது.

வெளிச்சம் காசு மிச்சம் பிடிக்கும் இடம்

உச்சியிலிருந்து விழும் ஒரே விளக்கு கண்குழியை இருட்டாக்கும், கன்னப் பள்ளத்தை ஆழமாக்கும்; மேக்கப்பில் பாதி வேலையை அதுவே செய்துவிடும். பக்கவாட்டு விளக்கு லேடெக்ஸின் மேடுபள்ளத்தைத் தூக்கிக் காட்டும், சரியாக ஒட்டாத ஓரத்தையும் சேர்த்து. நேர் முன்னாலிருந்து வரும் மிருதுவான வெளிச்சம் நீங்கள் செய்த எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். இரவுக் காட்சிக்கு நீல விளக்கு வைக்கிறீர்கள் என்றால் இன்னொன்று: நீல வெளிச்சத்தில் சிவப்பு கறுப்பாகத் தெரியும். அடர்த்தியாகக் கலந்த ரத்தம் அங்கே தார் மாதிரி இருக்கும். அந்தக் காட்சிக்கு மட்டும் ரத்தத்தைக் கோக்கோ குறைத்து, பிரகாசமாகக் கலந்து, விளக்கில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கறுப்பு வெள்ளையில் எடுப்பது பலர் யோசிக்காத ஒரு வழி. ரொமேரோவின் 1968ஆம் வருஷத்து ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ கறுப்பு வெள்ளைப் படம், அதில் ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப். நிறப்பொருத்தம் என்கிற தலைவலியே இல்லாமல், இருட்டா வெளிச்சமா என்பதை மட்டும் பார்த்து மேக்கப் போடலாம். தொட்டால் பெயர்ந்துவிடும் மலிவு வண்ணம்கூட அதில் தப்பித்துக்கொள்ளும். கதைக்குப் பொருந்துமானால் நான் இதைத் தீவிரமாகவே பரிந்துரைப்பேன். ஆனால் மேக்கப் சரியாக வராததை மறைக்க எடிட்டிங் மேஜையில் நிறத்தை எடுப்பது வேறு விஷயம். முன்பே முடிவுசெய்து, அதற்கேற்ற இருட்டு வெளிச்ச வித்தியாசத்தோடு பூசியிருக்க வேண்டும்.

பன்னிரண்டு பேர் வந்து நின்றால்

கணக்காகவே பார்ப்போம். பன்னிரண்டு ஜாம்பிகள், மேக்கப் போடத் தெரிந்தவர் ஒருவர், கூடமாட உதவ இரண்டு பேர். க்ளோஸப்பில் வரும் ஒருவருக்கு லேடெக்ஸோ ஜெலட்டினோ, அவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். தெரிந்தவர் அவரோடுதான் இருப்பார். நடுத்தூரத்தில் வரும் மூன்று பேருக்கு வண்ணமும் ஆளுக்கு ஒரு மெழுகுக் காயமும், தலா அரை மணி. மீதி எட்டுப் பேர் வரிசையில் நிற்கட்டும். ஒரு உதவியாளர் ஸ்பாஞ்சால் அடித்தளம் ஒற்றுவார், அடுத்தவர் கண்குழியும் கன்னமும் போட்டு, பல்துலக்கும் பிரஷால் ரத்தம் தெறிப்பார். ஆளுக்குப் பத்து நிமிடம் தாண்டக் கூடாது. அவர்களுடைய வேஷம் துணியிலும் நடையிலும் இருக்கிறது. வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் இடுப்பு முறிந்தவர் எப்படி நடப்பார், கணுக்கால் திரும்பியவர் எப்படி நடப்பார் என்று அசிஸ்டென்ட் டைரக்டர் ஒத்திகை பார்க்கட்டும்.

முடிந்ததும் ஒவ்வொருவரையும் முன்னாலிருந்து, இரு பக்கமிருந்து, கைகளோடு ஃபோனில் படம் எடுத்துப் பெயர் போட்டு வையுங்கள். பொது இடத்தில் படப்பிடிப்பு என்றால் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, அனுமதி வாங்கிவிட்டு ஆரம்பியுங்கள். ரத்தம் வடிய ஓடிவரும் ஆளைப் பார்த்துப் பயந்தவர் அது படமா என்று விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்.

சாமான் பட்டியலில் கழற்றுவதற்கு வேண்டியதையும் முதலிலேயே எழுதுங்கள்: லேடெக்ஸ் ஓரங்களை இளக்கத் தேங்காய் எண்ணெயோ குழந்தைகளுக்கான எண்ணெயோ, ஜெலட்டினுக்கு வெந்நீர் கொண்டுவர ஃபிளாஸ்க், கிரீம் வண்ணத்துக்குக் கிளென்சர், நிறையப் பழைய துண்டுகள், குப்பைப் பை. ஆல்கஹால் வண்ணமோ, தோலில் ஒட்டவைக்கும் ஸ்பிரிட் கம் பசையோ பயன்படுத்தினால் அதற்கான ரிமூவரும் சேரும். எதையும் பிய்த்து இழுக்காமல், ஓரத்தில் எண்ணெய் விட்டு, விரலால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். க்ளோஸப் நடிகருக்கு இதற்கு அரை மணி ஆகும். ஷெட்யூலில் அந்த அரை மணியைப் போட்டு, அவரைக் கடைசியாக அல்லாமல் முதலில் கழற்றிவிடுங்கள். காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர்தான்.